நடுவயதில் மறுபடியும் ரோடு ரேஸ்: எதிலிருந்து தொடங்குவது?

எதிர்காற்று:

எல்லாருக்கும் வணக்கம். வயது 49 நடக்கிறது. இருபதுகளில் சைக்கிள் ரோடு ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய பெயர் எடுத்தவன் இல்லை, ஆனால் முன்னால் போகிற கூட்டத்தோடு சேர்ந்து முடிப்பேன், எப்போதாவது பரிசு வரிசையிலும் வந்ததுண்டு. அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று சைக்கிள் போயே போய்விட்டது. போன வருடம் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். நினைத்ததைவிட சீக்கிரம் கால் திரும்பி வருகிறது, மேட்டில் மூச்சு நிற்கிறது, அதனால்தான் இந்தக் கேள்வியே.

என் பழைய பயிற்சி நோட்டு இன்னும் கையில் இருக்கிறது. அதில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் கடும் ஓட்டம், சனி ரேஸ், ஞாயிறு நீண்ட தூரம் என்று எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு நாள் முறுக்கி ஓட்டினால் மறுநாள் பரவாயில்லை, அதற்கு அடுத்த நாள்தான் உடம்பு கனக்கிறது. இடது முழங்காலுக்குக் கீழே, அந்தத் தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில், படி இறங்கும்போது ஒரு வலி.

வரும் சீசனில் ரேஸ் ஓட்ட வேண்டும் என்பது உறுதி. "உடல்நலத்துக்காக மெதுவாக ஓட்டுங்கள் சார்" என்கிற பதில் வேண்டாம், அது எனக்குத் தெரியும். கூட்டத்தில் ஓட்ட வேண்டும், இடத்துக்குப் போட்டி போட வேண்டும். இந்த வயதில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை, எவ்வளவு காலம் பொறுத்து நம்பர் கட்டி ரேஸில் இறங்குவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பின்சக்கரம்:

நல்ல கேள்வி நண்பரே. நானும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து இப்போது மாஸ்டர்ஸ் பிரிவில் (வயதுவாரியான மூத்தோர் பிரிவு) ஓட்டுகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன "கால் சீக்கிரம் திரும்பி வருகிறது" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஓட்டத் தொடங்கிய முதல் ஓரிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடிவிடும், இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் தள்ளும், சில வாரத்தில் தசைக்குள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறனும் ஏறிவிடும். முன்பு பயிற்சி பெற்ற தசைக்கு இது புதியவர்களைவிட வேகமாகவே வருகிறது. ஆனால் தசைநாணுக்கும் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களுக்கும் ரத்த ஓட்டம் குறைவு, அவை பலப்பட மாதக் கணக்கில் ஆகும், வயதாக ஆக இன்னும் மெதுவாகும். ஆக, மூச்சும் தசையும் "போ" என்கின்றன, முழங்கால் இன்னும் தயாராகவில்லை. திரும்பி வருகிறவர்கள் பலர் மூன்றாவது நான்காவது மாதத்தில் அடிபட்டு உட்காருவது இதனால்தான். உங்கள் முழங்கால் வலி அந்த வகைபோலத்தான் தெரிகிறது. இப்போதைக்குப் பெரிய கியரில் நசுக்கி மிதிப்பதை விடுங்கள், கேடன்ஸை, அதாவது பெடல் சுற்றும் வேகத்தை, நிமிடத்துக்கு 90 சுற்று பக்கம் வையுங்கள், சீட் உயரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம்தான் முதலில் பேசும். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோவிடம் காட்டிவிடுங்கள், ஓட்டி ஓட்டிச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள்.

அந்த நோட்டு விஷயம். அதிலிருக்கிற உடற்பயிற்சிகள் தப்பில்லை, இடைவெளிதான் தப்பு. இருபத்தைந்து வயதில் ஒரே இரவில் ஆறிய உடம்புக்கு இப்போது 48 மணி நேரம், சில நேரம் 72 மணி நேரம் தேவை. வாரத்துக்கு இரண்டு கடும் நாள் போதும். ரேஸ் இருக்கும் வாரத்தில் ரேஸே அதில் ஒன்று. பலரும் பயிற்சியை மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்குவார்கள், இந்த வயதில் இரண்டு வாரம் ஏற்றி ஒரு வாரம் இறக்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஒன்று, கடும் நாளை எண்ணிக்கையில்தான் குறைக்கச் சொல்கிறேன், கடுமையில் இல்லை. பயிற்சி இல்லாதவர்களுக்கு விஓ2 மேக்ஸ் (உடம்பு பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன் அளவு) பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இறங்கும் என்பது பொதுவான கணக்கு. கடும் பயிற்சியை விடாமல் செய்கிறவர்களுக்கு அந்த இறக்கம் ஏறக்குறைய பாதிதான். "வயசாயிடுச்சு, இனி நீண்ட தூரம் மெதுவாக ஓட்டினால் போதும்" என்று போகிறவர்கள் இழப்பது அந்த மேல்முனையைத்தான். ரேஸில் ஆள் கூட்டத்திலிருந்து கழன்று பின்தங்கிப்போவதும் அங்கேதான், மற்ற மூன்று மணி நேரத்தையும் யாரும் ஓட்டிவிடலாம்.

வாட்கணக்கு:

பின்சக்கரம் அண்ணா சொன்னதோடு எண்கள் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

முதலில், 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரத்தை வைத்து துடிப்பு மண்டலங்களை (எந்தக் கடுமைக்கு எவ்வளவு இதயத்துடிப்பு என்ற எல்லைகளை) போடாதீர்கள். 2001-ல் வந்த தனகாவின் ஆய்வு 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்று சொன்னது, வயது கூடக் கூட அதுவே மேல். 49 வயதுக்கு முதல் கணக்கில் 171, இரண்டாவதில் 174 வரும். ஆனால் இரண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு மேலே கீழே இருப்பது சாதாரணம். உங்களுடைய உச்சத்தை நீங்களே ஒரு நீண்ட மேட்டில் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் டாக்டர் பார்த்த பிறகு.

உங்கள் காலத்தில், மிதிக்கும் பலத்தை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் சிலரிடம்தான் இருந்திருக்கும். இப்போது அது இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம் என்பேன், குறிப்பாகத் திரும்பி வருகிறவர்களுக்கு. காரணம், உங்கள் மனசில் இருக்கும் "நடுத்தர வேகம்" இருபத்தைந்து வயதுக்காரனுடையது. 20 நிமிடம் முழு மூச்சாக ஓட்டி, அந்தச் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எஃப்டிபி (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள், அதற்கு முன் வேண்டாம்.

சுலப நாளை நிஜமாகவே சுலபமாக ஓட்டுவதுதான் பலருக்கு வராத விஷயம். பேசிக்கொண்டே ஓட்ட முடிய வேண்டும். நேரத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் அப்படி, மிச்சம் உண்மையான கடுமை, நடுவில் இருக்கும் அந்தச் சாம்பல் வேகத்தில் குறைவாக. கடும் நாளுக்கு நான் சொல்வது: நாலு அல்லது ஐந்து முறை, ஒவ்வொன்றும் நாலு நிமிடம், எஃப்டிபிக்கு மேலே, நடுவில் மூன்று நான்கு நிமிட ஓய்வு. கடைசிச் சுற்று முதல் சுற்றின் வாட்டிலேயே முடிந்தால் சரியாகச் செய்தீர்கள். நாலாவதில் வாட் விழுந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள். அரைகுறையாக ஐந்தாவதைச் செய்வதால் வரும் லாபத்தைவிட, அது தின்னும் ஓய்வு அதிகம்.

காலையில் எழுந்தவுடன் துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால், தூக்கமும் சரியில்லை என்றால், அன்றைய கடும் ஓட்டத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். அட்டவணை உங்களுக்காக இருக்கிறது.

துடிப்பு:

ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் வேலை பார்க்கிறேன், மாஸ்டர்ஸ் ரேஸும் ஓட்டுகிறேன். யாரும் இதுவரை அழுத்திச் சொல்லாததால் சொல்கிறேன்: இன்டர்வல் (அந்த நாலு நிமிடக் கடும் சுற்றுகள்), 20 நிமிட டெஸ்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு இசிஜி, ஒரு உடற்பயிற்சி ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்போ திடீர் மரணமோ இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 35 வயதுக்கு மேல் விளையாட்டின்போது இதயம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்பு. இளம் வயதில் எவ்வளவு ஓட்டியிருந்தாலும், நடுவில் விட்ட வருடங்களுக்கு அது காப்பீடு ஆகாது.

பல வருடம் கடுமையாக ஓட்டும் நடுவயது ஆண்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதும் தெரிந்த விஷயம். இதற்காகப் பயந்து விட்டுவிட வேண்டியதில்லை, அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். சமதரையில் காரணமே இல்லாமல் துடிப்பு மீட்டர் திடீரென்று எகிறி, கால் காலியாகி, நெஞ்சுக்குள் படபடப்பு இருந்தால் இறங்கிவிடுங்கள். "நெஞ்சில் கட்டிய ஸ்ட்ராப் கோளாறாக இருக்கும்" என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், தாடை வரை போகும் வலி, மயக்கம் வருவதுபோல் இருப்பது, இந்த மூன்றுக்கும் பேச்சே கிடையாது, அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இருக்கும்போது கடும் பயிற்சி கூடவே கூடாது.

இன்னொன்று, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு உச்சத் துடிப்பே கீழே இறங்கிவிடும், அவர்களுக்குத் துடிப்பு மண்டலங்கள் எதுவும் பொருந்தாது. வாட்டையும் மூச்சையும் பார்த்து ஓட்ட வேண்டும்.

முதல்வளைவு:

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள், ஆனால் இப்படியே போனால் அண்ணன் நம்பர் கட்டவே மாட்டார் என்று எனக்குப் படுகிறது. நான் பார்த்தவரை திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் "இன்னும் கொஞ்சம் தயாராகட்டும்" என்றே இரண்டு மூன்று சீசனைக் கழிக்கிறார்கள். வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி ஓட்டும் டிரெய்னர் கருவியில் வாட் ஏறிக்கொண்டே இருக்கும், கூட்டத்தில் ஒரு வளைவு எடுக்கத் தெரியாது. ரேஸ் புத்தி ரேஸில் மட்டும்தான் வரும். எப்போது ஆள் தப்பிப் போகிறான், எந்தத் தாவலை விட்டுவிடலாம், எதற்குப் பின்னால் உயிரைக் கொடுத்தாவது ஒட்ட வேண்டும், இதெல்லாம் எந்த ஆப்பும் சொல்லித் தராது. அடிபடாத முழங்கால் இருந்தால் அடுத்த மாதமே போங்கள். கழன்றுவிட்டால் என்ன, அடுத்த வாரம் இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக நிற்பீர்கள்.

நடுவயதில் திரும்பி வருவது நடக்கிற காரியம்தான். பிரிட்டிஷ் ஓட்டக்காரர் மால்கம் எலியட் 1997-ல் ஓய்வு பெற்று, நாற்பதைத் தாண்டிய பிறகு 2003-ல் திரும்பி வந்து, பல வருடம் தன் பாதி வயதுப் பையன்களோடு ஸ்பிரிண்ட் அடித்தவர். அமெரிக்கர் கிறிஸ் ஹார்னர் 2013-ல் ஸ்பெயினின் மூன்று வார ரேஸான வுவெல்டாவை ஜெயித்தபோது வயது 41. அவர்கள் அளவுக்கு நாம் இல்லை, சரி, ஆனால் காத்திருந்து ஜெயித்தவர் யாருமில்லை.

பின்சக்கரம்:

முதல்வளைவு தம்பி, ரேஸ் புத்தி ரேஸில்தான் வரும் என்பதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாதமே கூட்டத்துக்குள் போ என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு பேரும் வாழ்க்கை முழுக்கத் தொழில்முறையாக ஓட்டியவர்கள், கூட்டத்தின் நெளிவு சுளிவு அவர்கள் உடம்பிலேயே இருந்தது. இத்தனை வருடமாகக் கூட்டத்தில் ஓட்டாத ஒருவருக்குத் திரும்பாமல் இருப்பது வாட் இல்லை, இந்தக் கூட்டத்துக் கண்தான்.

ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் மணிக்கு 42 கிலோமீட்டரில் வலது வளைவுக்கு வருகிறார்கள். உங்கள் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்கும் அரை மீட்டர். இடது பக்கம் ஒருவரின் ஹேண்டில்பார் உங்கள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி. உள்பக்கம் இடம் இருக்கிறது என்று நுழைந்தால் வளைவின் நடுவில் அந்த இடம் மூடிவிடும், ஏனென்றால் வெளியே இருப்பவர்கள் எல்லாரும் உள்நோக்கித்தான் வருவார்கள். வளைவுக்கு முன்பே வேகம் குறைத்திருக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் தொட்டால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் ஏறுவார். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, மூன்று நான்கு பேருக்கு முன்னால் பார்க்க வேண்டும், அங்கே ஒரு தோள் நிமிர்ந்தால் ஒரு நொடி முன்னதாகவே உங்களுக்குச் செய்தி வந்துவிடும். இது எல்லாம் தெரிந்த விஷயம்தான், ஆனால் துடிப்பு 170-ல் இருக்கும்போது யோசிக்காமல் நடக்க வேண்டும். யோசித்துச் செய்கிற ஆள் கூட்டத்துக்கே ஆபத்து.

இன்னொரு பழக்கம், திரும்பி வருகிறவர்கள் பயத்தில் கடைசியில் போய் ஒட்டிக்கொள்வது. பத்திரம் என்று தோன்றும். உண்மையில் மிக மோசமான இடம் அதுதான். முன்னால் இருப்பவர்கள் வளைவில் கொஞ்சம்தான் வேகம் குறைப்பார்கள், அது பின்னால் வர வர விசிறி போல் விரிந்து, கடைசி ஆள் ஏறக்குறைய நின்று கிளம்ப வேண்டிவரும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஸ்பிரிண்ட். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் அதே ரேஸ் பாதிச் செலவில் முடியும். ஒருவர் பின்னால் ஒட்டினாலே காற்றின் இழுவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. 2018-ல் காற்றியக்க ஆய்வாளர் பிளோக்கனின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்துச் செய்த கணக்கில், நடுவிலிருந்து பின்பகுதி வரை இருப்பவர்களுக்குத் தனியாக ஓட்டுவதில் 5 முதல் 10 சதவீத இழுவைதான் வந்தது. அந்தக் கூட்டம் பெரியது, நம்முடைய சின்ன ரேஸில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கூட்டத்துக்குள் இருப்பதன் மதிப்பு புரியும்.

ஆகவே என் வரிசை இது. முதலில் டைம் ட்ரையல், அதாவது ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்துக்கு எதிராகத் தனியாக ஓட்டுவது, அங்கே உங்களோடு நீங்கள்தான் மோதுகிறீர்கள், நம்பர் கட்டிய படபடப்பும் கிடைத்துவிடும். அதே சமயத்தில் நல்ல ஓட்டக்காரர்களோடு குழு ஓட்டம், முறைவைத்து முன்னால் இழுப்பது, சும்மா தோள் உரசி ஓட்டிப் பழகுவது. அதற்குப் பிறகு சின்னக் கூட்டமுள்ள மாஸ்டர்ஸ் ரேஸ், முதல் இரண்டு மூன்றில் இடத்தைப் பற்றி நினைக்காமல், முன்பகுதியில் நிற்பது ஒன்றையே வேலையாக வைத்து. காலர்போன் உடைந்தால் இருபதில் ஆறுவதும் ஐம்பதில் ஆறுவதும் ஒன்றில்லை, தம்பி.

முதல்வளைவு:

டைம் ட்ரையல் முதலில் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் இதே சீசனில் முடிய வேண்டும், அடுத்த சீசனுக்குத் தள்ளக் கூடாது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலைப்பாதை:

இங்கே எல்லாரும் அண்ணன்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு அக்காவின் பதிலும் இருக்கட்டும். எனக்கு 53, மாதவிடாய் நின்ற பிறகும் ரேஸ் ஓட்டுகிறேன்.

எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. சைக்கிள் ஓட்டுவது எலும்புக்கு ஒன்றும் செய்வதில்லை, உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. பல வருடம் சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களுக்கு, ஆண்கள் உட்பட, முதுகெலும்பிலும் இடுப்பிலும் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகு இது இன்னும் வேகமாக இறங்கும். கீழே விழ வாய்ப்புள்ள விளையாட்டு இது, அதனால் ஒருமுறை எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

மருந்து என்று நான் சொல்வது பளு. வாரத்துக்கு இரண்டு நாள், நிஜமான எடை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் காலில் ஏறி இறங்குவது, குறைந்த முறை, கனமான எடை, ஒவ்வொரு செட்டுக்கும் நடுவில் தாராளமாக ஓய்வு. சின்ன எடையை முப்பது முறை தூக்குவது சைக்கிள் மிதிப்பதன் இன்னொரு வடிவம்தான், அதற்கு ஜிம் வேண்டாம். ஆரம்பத்தில் நல்ல பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஸ்பிரிண்ட் வேகம் தரும் அந்த வேகத் தசை இழைகள்தான் வயதில் முதலில் சுருங்குகின்றன, அவற்றைப் பிடித்து வைப்பதும் இதே எடைதான். முழங்கால் தசைநாணுக்கும் மெதுவான கனமான பளு நல்லது, எதிர்காற்று தம்பி, ஓய்வு மட்டும் அதைச் சரிசெய்யாது.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். வயது கூடினால் அதே அளவு புரதத்துக்குத் தசை குறைவாகத்தான் பதில் சொல்லும், அதனால் ஒவ்வொரு வேளையும் உடல் எடையில் கிலோவுக்கு 0.4 கிராம் வரை புரதம் இருக்கும்படி பிரித்துச் சாப்பிடுங்கள், ராத்திரி ஒரே வேளையில் மொத்தமாக வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஓட்டும்போது சாப்பிடுவது. அந்தக் காலத்தில் பட்டினியாக நீண்ட தூரம் ஓட்டுவதைப் பெருமையாக நினைத்தோம். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட கடும் ஓட்டத்துக்கு மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து, குளுகோஸும் ஃபிரக்டோஸும் கலந்து. வயிறும் பழக வேண்டும், ரேஸ் அன்றைக்கு முதல்முறையாக முயற்சி செய்யாதீர்கள். எடை குறைக்க வேண்டுமானால் சுலப நாளில் குறையுங்கள், கடும் நாளில் பட்டினி கிடந்தால் உடம்பு ஆறுவது இரண்டு நாள் தள்ளிப்போகும்.

வயதைப் பற்றி மனசு தளர்கிறவர்களுக்கு: பிரெஞ்சு ஓட்டக்காரர் ஜானி லோங்கோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் டைம் ட்ரையலில் நான்காவதாக வந்தபோது 49, நம்ம எதிர்காற்று வயது. 2011-ல் 52 வயதில் பிரெஞ்சு தேசிய டைம் ட்ரையல் பட்டம் எடுத்தார். அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் 2016 ரியோ ஒலிம்பிக் டைம் ட்ரையலில் தங்கம் வாங்கியது 43-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள். பிரெஞ்சுக்காரர் ராபர்ட் மார்ஷானின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். நூறு வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். அப்புறம் பயிற்சியின் கடுமையைக் கூட்டி 102 வயதில் 26.927. அந்தக் காலத்தில் அவருடைய விஓ2 மேக்ஸ் 31-லிருந்து 35-க்கு ஏறியதை அளந்து வைத்திருக்கிறார்கள். நூற்றிரண்டு வயதில் ஏறுகிறது என்றால் ஐம்பதில் என்ன தடை?

எதிர்காற்று:

அக்கா, நன்றி. எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எலும்பு ஸ்கேன் என் மண்டையில் வந்ததே இல்லை.

இரண்டு சின்னக் கேள்வி. ஒன்று, என்னுடைய பழைய சைக்கிளையே வைத்து ரேஸ் ஓட்டலாமா? முன்னால் பற்சக்கரம் 53-39 பல், பின்னால் 12-23 பல், டயர் அகலம் 23 மில்லிமீட்டர். இரண்டு, எனக்கு ரத்த அழுத்தத்துக்கு தினமும் ஒரு மாத்திரை உண்டு. அது எதையாவது தடுக்குமா? துடிப்பு சொன்ன பீட்டா பிளாக்கர் இல்லை, இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை.

ஸ்பானர்:

சைக்கிள் கேள்விக்கு நான். ஃபிரேம் ஸ்டீல் அல்லது அலுமினியமாக இருந்து, விரிசல் இல்லை என்றால் பழகுவதற்குத் தாராளமாக ஓட்டலாம். ஹேண்டில்பார், ஸ்டெம், கேபிள், பிரேக் கட்டை, டயர் எல்லாம் மாற்றுங்கள். அலுமினியம் ஹேண்டில்பாரின் டேப்பைப் பிரித்துப் பார்த்தால் வியர்வை அரித்த குழி சில நேரம் தெரியும், அதை வைத்துக்கொண்டு ஸ்பிரிண்ட் அடிக்கக் கூடாது. பழைய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள்.

அந்த 39-23 கியர் உங்கள் முழங்காலுக்கு எதிரி. முன்னால் 50-34 அல்லது 52-36, பின்னால் 30 பல்லாவது வையுங்கள். இப்போது தொழில்முறை ஓட்டக்காரர்களே மலையில் 34 பல் வரை போடுகிறார்கள், யாரும் எதுவும் நினைப்பதில்லை. டயரும் அப்படித்தான், 23-ஐ 110 பிஎஸ்ஐ-யில் அடித்து ஓட்டிய காலம் போய்விட்டது. ஃபிரேமில் இடம் இருந்தால் 25 அல்லது 28, அழுத்தம் நிறையக் குறைத்து. கரடு ரோட்டில் அதுதான் வேகமும், உடம்பு களைப்பும் குறையும். ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) வாங்கினால் 72.5 பிஎஸ்ஐ-க்கு மேல் போகவே கூடாது. டிஸ்க் பிரேக் அவசியமில்லை, ஆனால் சுற்றி எல்லாரும் டிஸ்கில் இருப்பார்கள், அவர்கள் உங்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடிப்பார்கள், ஈரத்தில் இதை மறக்காதீர்கள்.

விதியும் மாறியிருக்கிறது. இறக்கத்தில் ஃபிரேமின் மேல்குழாயில் உட்கார்ந்து போவதையும், முழங்கையை ஹேண்டில்பாரில் படுக்கவைத்து ஓட்டுவதையும் 2021 ஏப்ரல் முதல் யுசிஐ (உலக சைக்கிள் சம்மேளனம்) தடை செய்துவிட்டது. பழைய ஆட்களுக்கு இது கைப்பழக்கமாக வந்துவிடும்.

துடிப்பு:

மாத்திரை விஷயம் முக்கியம், கேட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு மருந்து சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஒன்று ஹைட்ரோகுளோரோதையாசைடு அல்லது குளோர்தாலிடோன். இவை சிறுநீர் பெருக்கிகள், வாடாவின் (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலில் ரேஸ் நாளில் மட்டுமல்ல, எல்லா நாளிலும் தடை. மாஸ்டர்ஸ் ரேஸிலும் ஊக்கமருந்துச் சோதனை வரலாம், "டாக்டர் எழுதிக் கொடுத்தார்" என்பது மட்டும் போதாது. அட்டையின் பின்பக்கம் மருந்தின் பெயரைப் படியுங்கள், இருந்தால் டாக்டரிடம் நீங்கள் ரேஸ் ஓட்டுவதைச் சொல்லி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஏசிஇ தடுப்பான், ஏஆர்பி, கால்சியம் சேனல் தடுப்பான் வகைகளுக்குத் தடை இல்லை. மாற்ற முடியாது என்றால் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது எந்த ரேஸுக்கும் தகாது.

நடுவயதுக்காரர்கள் தெரியாமல் மாட்டும் இன்னும் இரண்டு: முழங்காலுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை, டிராமடால் என்ற வலி மாத்திரை 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. வயதால் குறைந்த டெஸ்டோஸ்டிரோனுக்காக எடுக்கும் ஊசி, ஜெல் எல்லாம் எப்போதுமே தடை, வயதைக் காரணம் காட்டி விலக்கும் கிடைக்காது. "எனர்ஜி கூடும்" என்று யாராவது தரும் டிஎச்இஏ என்ற ஹார்மோன் மாத்திரையும் அதே கணக்கு. அப்படி ஓட்டி ஜெயிப்பவன் பக்கத்தில் நேர்மையாக ஓட்டுகிற ஐம்பது வயதுக்காரனின் சீசனைத் திருடுகிறான், இதில் எனக்கு இரக்கமே கிடையாது.

பின்சக்கரம்:

ஒரு வார்த்தை வீட்டைப் பற்றி. திரும்பி வருகிறவர்களின் சீசன் முழங்காலால் முடிவதைவிட ஞாயிற்றுக்கிழமையால் முடிவது அதிகம். இருபதில் நம்மை யாரும் எதிர்பார்க்கவில்லை, இப்போது ஒரு வீடே எதிர்பார்க்கிறது. எந்தெந்த வாரம் ரேஸ், எந்த நாள் காலை இல்லை என்பதை சீசனுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். வேலை நெருக்கும் வாரத்தில் இன்டர்வலைக் குறையுங்கள். அலுவலக அழுத்தத்துக்கு ஒரு உடம்பு, பயிற்சிக்கு இன்னொரு உடம்பு என்று கிடையாது, தூக்கம் ஒன்றுதான் இரண்டையும் ஆற்றுகிறது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒழுங்காக ஓட்டி, ஒழுங்காகத் தூங்கினால் மாஸ்டர்ஸ் ரேஸில் கௌரவமாக நிற்கலாம்.

எதிர்காற்று:

அட்டையைப் பார்த்தேன், ஹைட்ரோகுளோரோதையாசைடு இருக்கிறது. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், ஸ்ட்ரெஸ் டெஸ்டும் அதே நாளில். பெரிய கியரை விட்டாயிற்று, சீட்டை ஏற்றிப் பார்க்கப் போகிறேன். நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு கடும் நாள், இரண்டு பளு நாள் என்று புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல்வளைவு தம்பிக்கும் பின்சக்கரம் அண்ணனுக்கும் நடுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன்: டெஸ்ட் சரியாக வந்தால் சீசன் தொடக்கத்தில் டைம் ட்ரையல், சீசன் பாதிக்குள் முதல் கூட்ட ரேஸ். தள்ளிப்போட மாட்டேன்.

கடைசியாக ஒன்று. எனக்கு 50 முடிவது வரும் வருடம் நவம்பரில். ரேஸ் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அப்படியென்றால் 45-49 பிரிவில்தானே பெயர் கொடுக்க வேண்டும்? அங்கே நான்தான் மூத்தவனாக இருப்பேன்.

வாட்கணக்கு:

இல்லை அண்ணா, பிறந்தநாள் கணக்கு கிடையாது, ஆண்டுக் கணக்கு. யுசிஐ கிரான் ஃபோன்டோ ரேஸ்களில் (யாரும் கலந்துகொள்ளும் நீண்ட தூர ரேஸ்கள்) அந்த வருடம் டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதுதான் பிரிவு. ரேஸ் மார்ச்சில் நடந்தாலும் உங்களுக்கு 50-54தான். மற்ற ரேஸ்கள் பெரும்பாலும் இதையே பின்பற்றும், ஆனால் சிலர் பத்து வருடப் பிரிவு வைக்கிறார்கள், சிலர் ரேஸ் நாளின் வயதைப் பார்க்கிறார்கள், அதனால் பெயர் கொடுக்கும் முன் அந்தந்த ரேஸின் விதித்தாளைப் படித்துவிடுங்கள். 50-54 என்றால் அந்தப் பிரிவிலேயே இளையவர் நீங்கள்தான், ஒரு முழு சீசனுக்கு.

முதல்வளைவு:

அப்போ இந்த சீசனை விடவே கூடாது அண்ணா. டைம் ட்ரையல் முடிந்ததும் வாட்டையும் நேரத்தையும் இங்கேயே போடுங்கள்.